சாவி இடம் மாற்றும் நாள்

மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அந்தப் பின்னூட்டம் வந்து விழுந்தது. எழுதியவர் பெயர் இல்லை. ஒரே ஒரு வரி.

"பூனைக்குட்டி பாப்பா, உங்க வீட்டு கேட்டு பச்சையா நீலமா?"

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. யார் பூனைக்குட்டி, எந்த வீட்டு கேட்? நம் வலைப்பூவில் முந்தின நாள் மாலையிலிருந்து வந்து குவிந்திருந்த பின்னூட்டங்களில் மேலே தேடிக்கொண்டே போனேன். அறுபத்து மூன்றாவதாக இருந்தது இது:

"எங்க அம்மா பூட்டுக் கம்பெனியிலதான் வேலை பாக்குது. ஆனா எங்க வீட்டுச் சாவி வாசல்ல கிடக்கிற அறுந்த செருப்புக்குள்ள! நாலரைக்கு ஸ்கூல் விட்டு வந்தேன்னா அம்மா வர்ற ஆறரை வரைக்கும் வீடு என் ராஜ்ஜியம். வடமதுரை, தண்ணித் தொட்டிக்கு எதுத்த சந்து. - பூனைக்குட்டி."

எழுதியவள் என் மகள். அனுமதித்தவள் நான்.

இணையப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் பணி அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரச் சொல்லி நிர்வாகத்தில் கேட்டார்கள். இந்தக் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறேன். சொல்வதற்கு எத்தனையோ இருக்கின்றன. ஆனால் எதை எழுத உட்கார்ந்தாலும் கை இந்த ஒரு நாளுக்குத்தான் போகிறது. அதனால் இதையே சொல்கிறேன். வேலை செய்யும் முறையெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முறை தவறிப்போன பிறகு என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நடந்தது இது. உங்கள் பிரிவில் இப்போது ஆறு பேர் இருக்கிறீர்கள். அப்போது நான் ஒருத்திதான், அதுவும் பாதி நாள் வேலை. மீதிப் பாதி நாள் பூட்டுப் பெட்டிக்குள் வைக்கும் குறிப்புச் சீட்டுகளுக்குத் தமிழ் திருத்துவது. அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதால் எல்லோருக்கும் நான் டீச்சர்.

முதலாளியின் மகனை எல்லோரும் சின்னவர் என்போம். பூட்டு கம்பெனிக்கு ஒரு வலைப்பூ வேண்டும் என்றவர் அவர்தான். ஆறு மாதம் எழுதினேன். எண்ணெய் எப்படி விடுவது, மழைக்காலத்தில் துருப்பிடிக்காமல் எப்படிப் பார்ப்பது என்று ஒழுங்காக எழுதினேன். படித்தவர்கள் மூன்று பேர். சின்னவர், நான், பினாங்கில் இருந்த ஒரு பழைய திண்டுக்கல்காரர்.

சின்னவர் ஒரு நாள் ஒரு தாளோடு வந்தார். "டீச்சர், வெளிநாட்டுல தலையணைக்கு ஒரு நாள், காலுறைக்கு ஒரு நாள்னு கொண்டாடுறாய்ங்க. அன்னைக்கு எல்லாப் பயலும் அதைப் பத்தித்தான் எழுதுறான். நாமளும் நாள் கண்டுபிடிப்போம்."

"பூட்டுக்கு என்ன நாள் தம்பி?"

"நீங்கதான டீச்சர். யோசிங்க."

அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும்போதே கிடைத்தது. நம் ஊரில் யாரும் பூட்டிவிட்டு அப்படியே போவதில்லை. பூட்டைப் பிடித்து ஓர் இழு. திருப்தி இல்லாவிட்டால் இன்னோர் இழு. சிலர் தொங்கியே பார்ப்பார்கள். 'பூட்டை இழுத்துப் பார்க்கும் நாள்' என்று ஒரு வியாழக்கிழமையை அறிவித்தேன். உங்கள் வீட்டில் யார் அதிக முறை இழுப்பார்கள், எழுதுங்கள் என்று கேட்டேன். எண்பது பேர் எழுதினார்கள். தன் அப்பா இழுத்து இழுத்துக் கொண்டியே பெயர்ந்து வந்துவிட்டது என்று ஒருவர் படம் போட்டார். அடுத்த மாதம் 'பூட்டினோமா இல்லையா நாள்'. பேருந்து நிலையம் வரை போய்விட்டுத் திரும்பி ஓடி வந்தவர்களின் கதைகள். எல்லோரும் சேர்ந்து அரட்டையடிக்கும் நட்புத் தளத்திலும் நமக்கென்று ஒரு குழு தொடங்கினோம். பூட்டு கம்பெனிக் குழுவில் ஆயிரம் பேர் சேர்வார்கள் என்று யார் நினைத்தார்கள்?

சின்னவரை நான் பாராட்டியே ஆக வேண்டும். அந்த யோசனை நல்ல யோசனை. கிறுக்குத்தனமான ஒரு நாளைக் கொடுத்தால் மனிதர்கள் மனம் விட்டுப் பேசுகிறார்கள். ஆனால் மனம் விட்டுப் பேசுபவர் என்னவெல்லாம் சொல்லிவிடுவார் என்பதை நாள் குறிக்கும் நாம்தான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக நான் கண்டுபிடித்தது 'சாவி ஒளிக்கும் நாள்'.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு வியர்த்திருக்கும். எங்களுக்கு அன்று வியர்க்கவில்லை. வீட்டைப் பூட்டி, சாவியை எங்கே ஒளித்து வைப்பீர்கள் என்று ஊரைக் கூட்டிக் கேட்டது ஒரு பூட்டு கம்பெனி! பூட்டோடு முப்பது வருடம் பழகியவர்கள் அத்தனை பேர் அந்தக் கட்டிடத்தில் இருந்தார்கள். பதிவின் தலைப்பைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. பூட்டு உறுதியாக இருந்தால் வீடு பத்திரம் என்று நினைத்து நினைத்து, சாவி என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனவர்கள் நாங்கள்.

முதல் நாள் மாலையே பதிவைப் போட்டுவிட்டேன். இரவெல்லாம் பின்னூட்டங்கள் வந்திருக்கின்றன. மீட்டர் பெட்டிக்கு மேல். துளசி மாடத்தில். பால் பைக்குள். "எங்க நாய் கழுத்துல. நாய் வீட்டுக்குள்ள இருக்கு, அதான் பிரச்சினை" என்று ஒருவர். நான் வாய்விட்டுச் சிரித்தேன். காலையில் முதல் முப்பதை வரி வரியாகப் படித்து அனுமதித்தேன். அப்புறம் வேகம் கூடியது. தமிழ் வலைப்பூக்களையெல்லாம் ஒரே பக்கத்தில் காட்டும் திரட்டிகள் அப்போது உண்டு. பின்னூட்டம் ஏற ஏறப் பதிவும் அந்தப் பட்டியலில் மேலே போகும். சின்னவர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"டீச்சர், மொத இடத்துக்கு இன்னும் நாலு படிதான். படிச்சுக்கிட்டு உக்காராதீங்க, விடுங்க உள்ள!"

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கில் விட்டேன். அந்தச் சொடுக்கில் என் மகளும் போனாள்.

இந்த இடத்தில் அக்காவைச் சொல்ல வேண்டும். பெயர் போடக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். புகார்களுக்குப் பதில் சொல்வது அக்காவின் வேலை. சாணார்பட்டிப் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயதுதான் கூடுதல். என் மேசைக்குப் பக்கத்து மேசை. கணினியைத் தொட மாட்டார். வரும் கடிதம் ஒவ்வொன்றையும் கத்தரிக்கோலால் ஓரம் வெட்டி எடுத்து, நின்றுகொண்டே படிப்பார். ஏன் உட்கார்ந்து படிக்கக் கூடாது என்று ஒரு முறை கேட்டதற்கு, "அவுக வாசல்ல நின்னுக்கிட்டு எழுதியிருப்பாக டீச்சரு, பூட்டு திறக்காம" என்றார்.

அன்று நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தத்தில் திரும்பிப் பார்த்தார்.

"என்னா டீச்சரு, மூஞ்சி இப்படி வெளிறிப் போச்சு?"

திரையைக் காட்டினேன். அந்த ஒரு வரியைப் படித்தார். மேலே போய் ஜெனி எழுதியதைப் படித்தார். ஜெனி என் மகள், அப்போது பதினொன்றாம் வகுப்பு. நான் அழத் தொடங்குவேன் என்று நினைத்தோ என்னவோ, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவர் கேட்டது என் மகளைப் பற்றி இல்லை.

"இதுல இருக்கிறது பூராம் இப்படித்தானா?"

"எப்படி அக்கா?"

"சாவி எங்க இருக்கு, வீட்டுல ஆளு எப்ப இருக்காது, ஊரு எது. அம்புட்டுப் பேரும் இதத்தான் எழுதியிருக்காகளா?"

அப்போதுதான் மற்றவர்களும் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். என் வீடு ஒன்று போக இருநூற்றுப் பதினொரு வீடுகள்.

"ஆமாக்கா."

"மொதல்ல அத மறை. அழிச்சுறாத. அழிச்சா யாரு யாருக்குச் சொல்லணும்னு நமக்கே தெரியாமப் போயிரும். வெளிய தெரியாம மறைக்க வழி இருக்கா?"

இருந்தது. பதிவை வரைவாக மாற்றினேன். ஒரு நிமிட வேலை. இரண்டு முறை தவறான இடத்தில் சொடுக்கியதில் மூன்று நிமிடம் ஆனது. ஆனால் அதற்குள் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

ஜெனி வீடு திரும்ப நாலரை ஆகும், இன்னும் நேரம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பள்ளிக்குப் போன் அடித்தேன். அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போய்க் கூட்டிக்கொள்ளலாம் என்று. அலுவலகத்தில் எடுத்தவர் சாவகாசமாகச் சொன்னார்:

"பதினொண்ணாப்பா? பரீட்சை முடிஞ்சு பன்னெண்டரைக்கே விட்டாச்சேம்மா. உங்களுக்குத் தெரியாதா?"

உங்களுக்குத் தெரியாதா. ஊர் பேர் தெரியாத ஒருவனுக்கு என் வீட்டு நேரம் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு அடித்தேன். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி ஓய்ந்தது. என் கணவருக்கு அப்போது தொப்பம்பட்டியில் வேலை. அவர் அங்கிருந்து வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"கிளம்பு" என்றார் அக்கா. "செத்த நேரங்கூட நிக்காத. வீட்டு அடையாளம் மட்டும் சொல்லிட்டுப் போ. தண்ணித் தொட்டிக்கு எதுத்த சந்து, அப்புறம்?"

"இடது பக்கம் மூணாவது."

"கேட்டு என்ன நெறம்?"

அதே கேள்வி. "நீலம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினேன். மாடிப்படியில் சின்னவர் எதிரே வந்தார். "டீச்சர், போஸ்ட்டைக் காணோம்! இருநூத்திப் பன்னெண்டு வந்திருந்துச்சே!" என்று பதறினார். நான் நிற்கவில்லை. கைப்பேசியை மேசையிலேயே விட்டுவிட்டேன் என்பதும் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் நடந்ததை மறுநாள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் உங்களுக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது. எனவே பேருந்து ஏறப் போகும் என்னைக் கொஞ்சம் அங்கேயே விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்.

சின்னவருக்குக் கோபம். "அக்கா, இம்புட்டு நாளா உழைச்சு இன்னைக்குத்தான் மொத இடத்துக்கு வந்தோம். ஒரே ஒருத்தன் கோக்குமாக்கா எழுதினதுக்கு மொத்தத்தையும் எடுத்துருவீங்களா?"

அக்கா குரலை உயர்த்தவில்லையாம். "தம்பி, நம்ம பூட்ட நம்பி வாங்குனவுக வீட்டுச் சாவியெல்லாம் இப்ப நடுரோட்டுல கிடக்கு. வச்சது நாம. நீங்க கூட்டத்த எண்ணுறீங்க."

சின்னவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "என்ன செய்யணும்னு சொல்லுங்க, நான் டைப் அடிக்கிறேன்" என்றிருக்கிறார். முதலாளி மகன் அப்படி உட்காருவதும் லேசான காரியம் இல்லை. அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

உடனே எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்யப் பார்த்தார். 'பாதுகாப்புக் காரணங்களுக்காக இந்தப் பதிவு நீக்கப்படுகிறது, வருந்துகிறோம்' என்று பெரிய எழுத்தில் அடித்துவிட்டார். அக்கா தடுத்தார்.

"இப்படிப் போட்டா என்னாகும்? இதுவரைக்கும் படிக்காதவனும் என்னமோ இருக்குன்னு தேடிப் பிடிச்சுப் படிப்பான். ஏற்கெனவே படிச்சவனுக்கு, நாளைக்கே மாத்திருவாக, இன்னைக்கே போயிருவோம்னு தோணும். மன்னிப்பு பொறவு கேப்போம். மொதல்ல சாவி இடம் மாறட்டும்."

"ஒவ்வொருத்தருக்கா எப்படிக்கா சொல்றது?"

"நீங்கதான் நாள் நாளாக் கொண்டாடுறீங்களே. இன்னொரு நாள் கொண்டாடுங்க."

"ஒரே நாள்ல ரெண்டு நாளாக்கா?"

"ஏன், கல்யாணமும் காதுகுத்தும் ஒரே நாள்ல வைக்கிறதில்லையா?"

அக்கா சொல்லச் சொல்லச் சின்னவர் அடித்தது இதுதான். இன்றும் என்னிடம் படி இருக்கிறது.

"இப்போது மணி மூன்று. இந்த நிமிடத்திலிருந்து இன்று சாவி இடம் மாற்றும் நாள்! படித்ததும் எழுந்து போய், அல்லது வீட்டில் இருப்பவரிடம் சொல்லி, சாவியை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். எங்கே என்று எங்களிடம் சொல்லக் கூடாது. சொன்னால் ஆட்டத்திலிருந்து நீக்கம். 'மாத்திட்டேன்' என்று ஒரே ஒரு வார்த்தை மட்டும் எழுதுங்கள்."

பின்னூட்டம் எழுதிய எல்லோருக்கும் மின்னஞ்சலிலும் நட்புத் தளத்திலும் அது போனது. சும்மா படிப்பவனுக்கு அது விளையாட்டு. எழுதியவருக்கு எச்சரிக்கை. நமக்கு வருகைப் பதிவேடு. அந்த இருநூற்றுச் சொச்சம் பெயர்களையும் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு, 'மாத்திட்டேன்' வர வர அக்கா அந்தப் பெயரைக் கோடிட்டு அடித்துக்கொண்டே வந்தார். வலைப்பூ என்றால் என்னவென்று அதுவரை அவருக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் வெறும் கூட்டம் சேர்க்கக் கண்டுபிடித்த ஒரு விளையாட்டை, கூட்டத்தில் ஒவ்வொருவரையும் தொட்டுக் கூப்பிடும் கருவியாக ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட்டார். நான் எத்தனையோ கருத்தரங்குகளுக்குப் பிறகு போயிருக்கிறேன். அதற்கு இணையான ஒன்றைக் கேட்டதில்லை.

பதில் வராதவர்களுக்கு? ஊர் ஊருக்கு நம் பூட்டை விற்கும் கடைகளின் முகவரிப் புத்தகம் அக்காவின் இழுப்பறையில் இருந்தது. அந்தந்த ஊர்க் கடைக்காரரையே நேரில் போய்ச் சொல்ல வைக்கலாம் என்றார். சின்னவர் பெரிய கடைகளின் பெயரைப் படிக்க ஆரம்பித்தாராம்.

"அது வேண்டாம். நம்மகிட்ட அதிகமா சண்ட போடுறவுக பேர எடுங்க. நம்ம பூட்ட ஒழுங்காப் பாக்கிறவன்தான் புகார் எழுதுவான். அவன்தான் இதுக்கும் எந்திரிச்சுப் போவான்."

போனார்கள். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. பின்னூட்டம் எழுதிய ஒட்டன்சத்திரத்து அம்மா ஒருவர் போனில் விடாமல் கேட்டாராம்: "ஏனுங்க, நானு சாவிய மாத்திப்போட்டா எங்கூட்டுக்காரரு எப்படிங்க உள்ள வருவாரு? அவருக்குப் பழைய எடந்தானுங்க தெரியும்." அவர் வரும்வரை வாசலிலேயே இருங்கள் என்று சொல்லியிருக்கிறார் அக்கா. அந்த அம்மா சாயங்காலம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மதியத்துக்குள் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாப் பெயர்களும் அடிபட்டுவிட்டன. அதற்குப் பிறகுதான், என்ன தவறு செய்தோம் என்பதை மறைக்காமல், என் பெயரில் மன்னிப்பு எழுதினேன். கம்பெனி பெயரில் போடுங்கள் என்றார் சின்னவர். இரண்டு பெயரையும் போட்டோம். விடுபட்ட அந்த இருவரின் பெயர் எழுதிய சீட்டு அக்காவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. பல நாள் கழித்து ஒருவர் எழுதினார்: "ஊருக்குப் போயிருந்தேன். மாத்திட்டேன்." இன்னொருவர் எழுதவே இல்லை. அக்கா ஓய்வு பெற்றுப் போகும்வரை அந்தச் சீட்டை எடுக்கவில்லை.

நீங்கள் தினமும் எண்ணிக்கைகள் பார்ப்பீர்கள். பாருங்கள், அது உங்கள் வேலை. இன்னும் யார் பாக்கி என்று பார்ப்பதற்கும் உங்களில் ஒருவர் இருக்க வேண்டும். வாசகரிடம் சிரிப்பைக் கேளுங்கள், கோபத்தைக் கேளுங்கள், அவர் அப்பாவின் கிறுக்குத்தனத்தைக் கேளுங்கள். அவர் வீட்டின் உள்விவரத்தைக் கேட்கும் நாளைக் கொண்டாடாதீர்கள். வருவது ஐந்நூறானாலும் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு அனுமதியுங்கள். படிக்க நேரமில்லை என்றால் அது காத்திருக்கட்டும்.

இனி என் பேருந்து.

வெளியே கிளம்பி நின்றது திருச்சி வண்டி. வடமதுரையில் நிற்காது என்றார் நடத்துனர். நான் படியை விட்டு இறங்கவில்லை. "நிறுத்திக் குடுங்கண்ணே, பொம்பளப் பிள்ள வீட்டுல தனியா இருக்கு" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் விசில் அடித்தார். அரை மணி நேரத்துக்கு மேல் அந்தப் பயணம். ஜெபமாலையை எடுத்தேன், ஒரு மந்திரம்கூட முழுதாக வாயில் வரவில்லை. கேட் பச்சையா நீலமா, கேட் பச்சையா நீலமா என்றே ஓடிக்கொண்டிருந்தது. வழியில் போன கேட் ஒவ்வொன்றின் நிறத்தையும் பார்த்துக்கொண்டே போனேன்.

இறங்கி ஓடினேன். சந்து முனையில் அன்று குழாயில் தண்ணீர் வந்திருந்தது. பத்து நாளைக்கு ஒரு முறை வருகிற தண்ணீர். குடங்கள் வரிசையாக இருந்தன. நான் யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனேன். நீலக் கேட்டில் ஒரு புதுப் பூட்டு தொங்கியது. எங்கள் கேட்டுக்குப் பூட்டே கிடையாது, தாழ்ப்பாள் மட்டும்தான். கேட்டின்மேல் ஏறிக் குதிப்பதுபோல் எட்டிப் பார்த்தேன். அறுந்த செருப்பு கவிழ்ந்து கிடந்தது. சாவியைக் காணோம்.

"ஜெனி!" என்று கத்தினேன். குழாயடியிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். எங்கள் சந்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்.

"டீச்சரு, உங்க பிள்ள இங்கதான் தண்ணி பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ஒரு ஆளு வண்டியில வந்தாரு. உங்க கேட்ட பூட்டுனாரு. பிள்ளகிட்ட போனக் குடுத்து என்னமோ பேசச் சொன்னாரு. ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு."

"யாரு? எங்க?"

"எனக்கு ஆளத் தெரியலையே. உங்களுக்குத் தெரிஞ்சவுகன்னுல்ல சொன்னாரு!"

நான் அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். என் கண்ணுக்கு நேராகத் தொங்கியது அந்தப் பூட்டு. பல வருடமாக நான் குறிப்புச் சீட்டு எழுதும் பூட்டு, நம் கம்பெனியுடையது. நம் முத்திரை அதன்மேல் இருந்திருக்கிறது. என் கண்ணுக்கு அது படவே இல்லை. எத்தனை நிமிடம் என்று தெரியாது. அந்தப் பெண் என் தலையில் தண்ணீர் தெளித்தது தெரியும்.

அந்த ஒரு வரியை எழுதியது யார் என்று இன்று வரை தெரியாது. காவல் நிலையத்தில் சொன்னோம், விசாரித்தார்கள். விளையாட்டுப் பிள்ளை யாராவது, அவள் வகுப்புத் தோழிகூட இருக்கலாம் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். ஜெனிக்குக் கல்யாணமாகி அவளுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது. நாலரை மணியானால் நான் இன்னும் அவளுக்குப் போன் அடிக்கிறேன். எடுத்ததும், "வீட்டுலதாம்மா இருக்கேன், வச்சிரு" என்கிறாள்.

அன்று நான் அப்படி மண்ணில் உட்கார்ந்திருந்தபோதே சந்து முனையில் மொபெட் சத்தம் கேட்டது. பின்னால் ஜெனி. மடியில் ஒரு பிளாஸ்டிக் குடம், நிறையத் தண்ணீர், பாவாடையெல்லாம் நனைந்திருந்தது. ஓட்டி வந்தவரைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். வடமதுரைக் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். வருடத்துக்கு நாலு புகார்க் கடிதம் போடுவார், நாலுக்கும் அக்காதான் பதில் எழுதுவார்.

"பிடிச்ச தண்ணிய விட்டுட்டு வர மாட்டேன்னுருச்சு உங்க பிள்ள. கடையில அந்தக் குடத்தோடதான் உக்காந்திருந்துச்சு" என்றார் அவர். "ஆபீஸ்ல இருந்து அந்தம்மா சொன்னாக, வீட்டப் பூட்டுங்க, பிள்ளைய ஆளுக இருக்கிற இடத்துல வச்சிருங்க, டீச்சர் பஸ் ஏறியாச்சுன்னு. பஸ்ஸு வந்திருக்கும்னு கணக்குப் பண்ணித்தான் கூட்டியாந்தேன்."

ஜெனி குடத்தையும் கையிலிருந்த வீட்டுச் சாவியையும் இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏம்மா தரையில உக்காந்திருக்க?" என்றாள். நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். நான் விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்து அவளுக்கும் அப்போதுதான் பயம் வந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து கேட்டுப் பூட்டின் சாவிகளை எடுத்தார். என் கையை விரித்து உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் அவரே மூடினார்.

"ரெண்டு சாவி டீச்சரம்மா, சரி பாத்துக்கங்க. எங்க வைக்கப் போறீங்கன்னு எங்கிட்டயும் சொல்லாதீங்க."